முழங்கால் ஆபரேஷனும் மூன்று மாதத் தவணையும்



மளிகைக் கடைக்காரர்களுக்கு முழங்கால் தேய்வது புதுச் சங்கதி அல்ல. காலை 6 மணிக்குக் கதவைத் திறந்தால் இரவு 10 மணி வரை சில்லறைக் கடைக்காரர் நின்றபடியே இருக்கிறார். மொத்தக் கடைக்காரர்களாகிய நாமோ திண்டு போட்ட மெத்தையில் சம்மணம் போட்டே நாற்பது வருடத்தைக் கழித்து விட்டோம். ஐம்பத்தைந்து வயது தாண்டியதும் படி ஏறும்போது கை தானாகச் சுவரைப் பிடிக்கிறது. உடம்பில் எடையும் கூடியிருக்கும், சர்க்கரையும் சேர்ந்திருக்கும். தைலம், உறை, ஊசி என்று நாலைந்து வருடம் தள்ளிய பிறகு டாக்டர், "இனித் தாங்காது, மூட்டை மாற்றி விடலாம்" என்கிறார். ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் பம்பாய்க்குப் போய்ச் செய்து கொண்டதை இப்போது மதுரையிலேயே செய்கிறார்கள். கீழமாசி வீதியில் ஒரு நடை போய் வந்தால், வேட்டிக்குள் அந்த நீளத் தழும்பு உள்ளவர்கள் நாலைந்து பேரையாவது பார்க்கலாம்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல நாம் வரவில்லை. அது டாக்டர்கள் வேலை. அதற்குப் பிறகு வரும் மூன்று மாதத்தைப் பற்றியே எழுத வந்தோம். அந்த மூன்று மாதத்தை ஆஸ்பத்திரி கொடுப்பதில்லை. வீடும் கடைவீதியும்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கிறோமா என்பதே நம் கேள்வி.

நமக்கு 2022ஆம் ஆண்டு ஆனி மாதக் கடைசியில் வலது முழங்காலில் இந்த ஆபரேஷன் நடந்தது. ஆகையால் கேள்விப்பட்டதை மட்டும் வைத்து எழுதவில்லை.

தேய்ந்து போன எலும்பு முனைகளைச் சீவி எடுத்து விட்டு, மேலும் கீழும் உலோகத்தைப் பொருத்தி, நடுவில் உறுதியான பிளாஸ்டிக் தகட்டை வைக்கிறார்கள். மறுநாளே, சில இடங்களில் அன்றைக்கே, வாக்கரைப் பிடிக்கச் சொல்லி நடக்க வைக்கிறார்கள். நாலைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள். இங்கேதான் வியாபாரி ஏமாறுகிறார். மறுநாளே நடந்தவன் பத்தாம் நாள் கல்லாவில் உட்காரக் கூடாதா என்று கணக்குப் போடுகிறார். பார்க்க வருகிறவர்களும் அதே கணக்கைத்தான் போடுகிறார்கள். வைத்த உலோகம் முதல் நாளிலிருந்தே எடையைத் தாங்கும், உண்மைதான். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் தசையும் தோலும் அறுபட்டவை. வலிக்குப் பயந்து பல வருடம் சரியாக வேலை செய்யாமல் மெலிந்து போன தொடைத் தசையும் அதே காலில்தான் இருக்கிறது. அவை தேறுவதற்கு எந்தக் கம்பெனியும் பாகம் விற்பதில்லை.

எனவே கணக்கை வேறு விதமாகப் போட வேண்டும். தையல் பிரிக்க இரண்டு வாரம். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாற மூன்று முதல் ஆறு வாரம். ஸ்கூட்டர், கார் ஓட்டுவதை ஆறு வாரத்துக்கு முன் நினைக்கவே வேண்டாம்; அதன் பிறகும் டாக்டரைக் கேட்டுத்தான். வீக்கம் முழுதாக வற்ற மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். மூட்டின் மேல் கை வைத்தால் சூடாக இருப்பது சில மாதம் வரை சாதாரணம். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்தாற்போல் இருக்கும். அது சிலருக்கு நிரந்தரமாகவே தங்கி விடும். "இது நம் சொந்தக் கால்" என்ற எண்ணம் வருவதற்கு ஒரு வருடம் ஆகிறது. இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்து கொண்டவர் பயப்படுவதில்லை. தெரியாதவர் ஆறாவது வாரத்தில் வீக்கத்தைப் பார்த்து, ஆபரேஷனே கெட்டு விட்டது என்று அழுகிறார்.

பொறுமை என்றால் படுத்துக் கிடப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த ஆபரேஷனில் படுத்துக் கிடப்பவருக்கும் நஷ்டம், ஓடுகிறவருக்கும் நஷ்டம். முதல் சில வாரத்தில் மூட்டை மடக்கவும் நீட்டவும் பழக்கியே ஆக வேண்டும். படுத்தபடி குதிகாலைத் தேய்த்துக்கொண்டே மடக்குவது, தொடையை இறுக்கிப் பிடிப்பது, பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, இவ்வளவுதான் பயிற்சி. சொல்ல எளிது. நாளைக்கு மூன்று நாலு வேளை செய்யும்போது கண்ணில் தண்ணீர் வரும். நாம் பழைய பேரேடு ஒன்றை எடுத்து, தேதி போட்டு, எத்தனை டிகிரி மடங்கியது என்று பிசியோதெரபி தம்பி அளந்து சொன்னதை எழுதி வந்தோம். பத்தாம் நாள் 75. ஆறாவது வாரம் 105. மூன்றாவது மாதம் 115. நடுவில் பன்னிரண்டு நாள் ஒரே எண்ணில் நின்றது. அந்தப் பன்னிரண்டு நாளும் இன்னும் நினைவிருக்கிறது. தினமும் விலை ஏறும், இறங்கும் என்று பழகிய நமக்கு, ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் ஒன்றைப் பார்த்துக்கொண்டு இருப்பது பெரிய சோதனைதான்.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு நம் டாக்டர் ஒரு அளவுகோல் சொன்னார். இன்றைய வலி ராத்திரி தூங்கி எழுந்ததும் பழைய நிலைக்கு வந்து விட்டால், செய்தது சரியான அளவு. காலையில் வீக்கம் கூடியிருந்தால், நேற்று அதிகம் செய்து விட்டோம் என்று அர்த்தம். காலை உயர்த்தி வைத்து, துணி சுற்றிய ஐஸை 15, 20 நிமிடம் வைத்து, அன்றைக்குக் கொஞ்சம் குறைத்துக் கொள்ள வேண்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சுகத்தில் கால் மடங்கியபடியே இறுகி விடும். குதிகாலுக்கு அடியில்தான் வைக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். தைலம் தேய்த்து உருவி விடுகிறேன் என்று யார் வந்தாலும் ஒரு காப்பி கொடுத்து அனுப்பி விடுங்கள்.

பொறுமை வேறு, அசட்டை வேறு என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலும், மூச்சு இளைத்தாலும், நெஞ்சு வலித்தாலும், அது காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதாக இருக்கலாம். அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. காய்ச்சல், தையலில் நீர் கசிவு, மூட்டு நாளுக்கு நாள் சிவப்பது, இவற்றுக்கும் நாளை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டு வந்த பிறகுதான் ஆபரேஷன் மேஜையில் ஏற வேண்டும். பல்லில் சீழ் இருந்தால் அதையும் முன்னதாகவே பார்த்து விடுவது நல்லது. கிருமி அங்கிருந்து ரத்தம் வழியாகப் புது மூட்டுக்குப் போய் உட்காரும்.

இது நிற்க. வியாபாரியை அவசரப்படுத்துவது எது?

முதலாளி கண் படாவிட்டால் கடை கெட்டுவிடும் என்பது நம் நெடுநாள் நம்பிக்கை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் பம்பாய் பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் இடது முழங்காலை மாற்றிக் கொண்டார். அமெரிக்காவிலிருந்து டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத் வந்து செய்தார். வலது கால் அடுத்த வருடம், 2001 ஜூனில்தான். இரண்டுக்கும் நடுவில் எட்டு மாதம். ஒரு நாட்டின் நிர்வாகம் அதைத் தாங்கியது. நம் கடை மூன்று மாதம் தாங்காது என்றால், அதைத் தாங்கும்படி நாம் ஏற்பாடு செய்து வைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஏற்பாடு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. காலம் பார்த்துச் செய்வது முதலாவது. மொத்தக் கடைக்காரருக்குப் பொங்கல் கழிந்ததும் புளி, வத்தல், துவரை வரத்து தொடங்கி விடும். சித்திரை வரை கொள்முதல் காலம். ஆகையால் ஆனி, ஆடியில் செய்து கொண்டால் தீபாவளிக்கு முன் மூன்று மாதம் கிடைக்கும். நமக்கு அப்படித்தான் அமைந்தது; 2022இல் அக்டோபர் 24 தீபாவளி, அதற்குள் முழு நாள் உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தோம். சில்லறைக் கடைக்காரருக்குக் கொள்முதல் காலம் என்று தனியாகக் கிடையாது. பொங்கல் முடிந்த கையோடு செய்து கொள்ளலாம். பாங்கில் செக் கையெழுத்துக்கு மகனையோ மனைவியையோ முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்குக்கு மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நம் காலைப் பார்த்துத் தள்ளிப் போகாது. கணக்கரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். ஓ.டி.பி. எல்லாம் முதலாளி போனுக்கே வருகிறது என்பதால் ஆஸ்பத்திரியில் போன் யார் கையில் இருக்கும் என்பதைக்கூட முடிவு செய்து விட்டுப் போவது நல்லது. சிரிக்க வேண்டாம், மயக்கம் தெளியாதவரிடம் போனை நீட்டிக் கடவுச்சொல் கேட்ட கதையெல்லாம் நம் வீதியில் உண்டு.

செலவு பற்றி ஒரு வார்த்தை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை மூட்டுக்கு உச்ச விலை வைத்தது. வழக்கமாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய். விசேஷ உலோகத்துக்கு 76,600 ரூபாய். அதற்கு முன் அதே சாதாரண மூட்டு சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆகவே பில்லில் மூட்டுக்குத் தனி விலை கேட்டு வாங்குங்கள், அதன் பெட்டி ஸ்டிக்கரின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். சரக்குக்குப் பில் கேட்பதில் வியாபாரிக்கு வெட்கம் கூடாது. மருத்துவ இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள், மூட்டு மாற்றுக்கு எத்தனை வருடம் காத்திருப்புப் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பாலிசியில் இப்போதே படித்துப் பார்ப்பது நல்லது. கால் வலி வந்த பிறகு பாலிசி எடுத்து உடனே பணம் கிடைக்கும் என்று நம்பக் கூடாது.

ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு கண்ணுக்குத் தெரிகிற செலவு. கண்ணுக்குத் தெரியாதது பொறுமையின் செலவு. மகன், கணக்குப்பிள்ளை, நாலு ஆட்கள் என்று இருக்கும் மொத்தக் கடைக்காரர் மூன்று மாதம் வீட்டில் இருந்து விடலாம். ஒற்றை ஆளாகக் கடை நடத்தும் சில்லறை மளிகைக்காரர் என்ன செய்வார்? கதவைப் பூட்டினால் வாடிக்கை பக்கத்துத் தெருவுக்குப் போய் விடும், அல்லது போனில் ஆர்டர் போட்டு வீட்டுக்கு வரவழைத்துக் கொள்ளும். போன வாடிக்கை திரும்புவது கஷ்டம் என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு சில்லறைக் கடைக்காரர், பெயர் வேண்டாம். ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. பதிமூன்றாம் நாள் கடையைத் திறந்து விட்டார். கேட்டவர்களிடம், "நின்னுக்கிட்டுதானே அண்ணாச்சி இருக்கேன், இதுவும் ஒரு எக்சர்சைஸ்தானே" என்றார். நிற்பது எக்சர்சைஸ் அல்ல. நாள் முழுக்க நின்றதில் கால் யானைக்கால் போல வீங்கியது. வீக்கத்தில் மடக்க முடியவில்லை. மடக்காததில் மூட்டு இறுகியது. 65 டிகிரியோடு நின்று விட்டது. ஒன்பதாவது வாரம் மறுபடியும் மயக்கம் கொடுத்து டாக்டர் கையால் மடக்கி விட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் முதலிலிருந்து பயிற்சி. மொத்தத்தில் ஐந்து மாதம் போயிற்று.

அவர் ஏன் பதிமூன்றாம் நாள் கடையைத் திறந்தார்? அவர் வாயாலேயே பிறகு கேட்டோம். மூன்று மொத்தக் கடைகளின் வசூல் பையன்கள் வாராவாரம் வீட்டு வாசலுக்கு வந்தார்களாம். ஒரு கடைக்காரர், கையில் இருந்த முன்தேதியிட்ட செக்கைப் பாங்கில் போட்டு விடுவதாகப் போனில் சொல்லியிருக்கிறார். செக் திரும்பினால் கேஸ். அந்தப் பயத்தில் வாக்கரைக் கடைக்குள் வைத்துக்கொண்டு பருப்பு நிறுத்தியிருக்கிறார் அந்த மனிதர்.

வசூல் செய்வது தப்பு என்று நாம் சொல்லவில்லை. நாமும் மில்லுக்குப் பணம் கட்டியாக வேண்டும். ஆனால் அந்த மூன்று கடைக்காரர்களும் ஆளுக்கு மூன்று மாதம் பொறுத்திருந்தால், அவர்கள் பணமும் சீக்கிரமே வந்திருக்கும். அந்தக் காலும் தேறியிருக்கும். ஐந்து மாதம் கடை முடங்கியதில் பாக்கி இன்னும் இழுத்ததுதான் மிச்சம்.

ஆகையால் நம் யோசனை இதுதான். நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் எவருக்காவது மூட்டு மாற்று ஆபரேஷன் என்றால், ஆபரேஷன் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குப் பழைய பாக்கியை வட்டி இல்லாமல் நிறுத்தி வைக்க வேண்டும். கைவசம் உள்ள செக்கைப் பாங்கில் போடக் கூடாது. 2012 ஏப்ரல் முதல் செக்கின் ஆயுள் மூன்று மாதம்தான் என்பதால், நிறுத்தி வைப்பவர் புதுத் தேதி போட்ட செக்கை மாற்றி வாங்கிக் கொள்ளலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை. புதுச் சரக்கை ரொக்கத்துக்குக் கொடுப்போம், ஆனால் கடை வாசலில் இறக்கி, உள்ளே அடுக்கியும் கொடுப்போம். அரிசி, சர்க்கரையைக் கீழேயும், அடிக்கடி எடுக்கும் சாமான்களை இடுப்பு உயரத்திலும் வைத்துக் கொடுத்தால் அவர் குனிய வேண்டியிருக்காது. ஒரு வண்டிக்கு அரை மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இதை நம் கடையில் மூன்று பேருக்குச் செய்து பார்த்திருக்கிறோம். ஒருவர் பாக்கியும் விழவில்லை. "இப்படி அறிவித்தால் ஆளாளுக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள்" என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டச் சொன்னால் போயிற்று. தவணைக்காக எலும்பைச் சீவிக் கொள்கிற ஆளை நாம் இதுவரை பார்த்ததில்லை.

கடையைத் திறந்து வைப்பதற்கும் வழி உண்டு. நம் சங்கத்தில், வியாபாரத்தை மகனிடம் ஒப்படைத்து விட்டுச் சும்மா இருக்கும் மூத்த உறுப்பினர்கள் பலர் இருக்கிறார்கள். விலை தெரியும், சில்லறை எண்ணத் தெரியும், மனுஷாளைத் தெரியும். ஆளுக்கு ஒரு வாரம், காலை நேரம் மட்டும் கல்லாவில் உட்கார்ந்தால் ஒரு கடை மூடாமல் இருக்கும். அவர்களுக்கும் வீட்டில் டி.வி. பார்ப்பதை விட அது மேல்.

இன்னொன்று. இதுவரை எழுதியதெல்லாம் ஆண்களைப் பற்றியே இருக்கிறது. முழங்கால் தேய்வு பெண்களுக்குத்தான் அதிகம். தெருக்கோடி மளிகைக் கடை பலவற்றில் பாதி நேரம் நிற்பது யார்? வீட்டுக்கார அம்மாதான். சமையலையும் முடித்துவிட்டு வந்து நிற்கிறார். அவருக்கு ஆபரேஷன் என்றால் பதினைந்தாம் நாள் அடுப்படியில் நிற்கிறார், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. "அம்மாவுக்கு நல்லா ஆயிடுச்சு, எந்திரிச்சு நடக்குறாக" என்று பெருமையாகச் சொல்லிக் கொள்கிறோம். நமக்குக் கால் சரியாகிற வரை மூன்று மாதம் தட்டில் சோறு வந்தது. அதே மூன்று மாதம் அவர்களுக்கும் உண்டா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். மருமகளும் மகளும் மட்டும் பார்த்துக் கொள்ளட்டும் என்று விடாமல், கடைக்காரர் தாமே ஒரு வேளை அடுப்பைப் பற்ற வைத்தால் கௌரவம் குறைந்து விடாது.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வருவது சந்தோஷம்தான். ஆனால், "எங்க மச்சான் இருபதாம் நாளே மாடி ஏறிட்டாரு, நீங்க இன்னுமா கம்பு ஊணுறீங்க?" என்று கேட்காமல் இருந்தால் இன்னும் சந்தோஷம். ஒரு கால் போல இன்னொரு கால் இல்லை. இரண்டாவது மூன்றாவது வாரத்தில் ராத்திரித் தூக்கம் கெட்டு, மனம் மிகவும் சோர்ந்து போகிறது. நமக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தச் சமயத்தில் மச்சான் கதை பெரிய பாரம். எல்லாருக்கும் முழுத் திருப்தி கிடைக்கிறது என்றும் சொல்ல முடியாது. பத்துப் பேரில் ஒருவர், இருவருக்குக் கொஞ்சம் வலியோ இறுக்கமோ தங்கி விடுகிறது என்பதைப் பல நாட்டு டாக்டர்களும் ஒப்புக் கொள்கிறார்கள். மற்றவர்களுக்கு நல்ல பலன் கிடைக்கிறது. வைத்த மூட்டுகளில் நூற்றுக்கு 82 வரை 25 வருடம் உழைக்கின்றன என்று 2019இல் லான்செட் பத்திரிகையில் வந்த ஆய்வு சொல்கிறது. இருபத்தைந்து வருடம் உழைக்கப் போகிற சாமானுக்கு மூன்று மாதம் கொடுப்பது நல்ல பேரம்தான்.

மூட்டு மாற்றியவர்கள் சம்மணம் போடுவதையும் குத்த வைப்பதையும் பெரும்பாலும் தவிர்க்கவே டாக்டர்கள் சொல்கிறார்கள். நம் கடையில் மெத்தையையும் திண்டையும் எடுத்து விட்டு, கை வைத்த நாற்காலியும் உயரமான மேஜையும் போட்டு விட்டோம். முதலில் கடைக்கு வந்தவர்கள், "என்ன அண்ணாச்சி, கடை ஆபீஸ் மாதிரி ஆயிப் போச்சு" என்றார்கள். இப்போது அவர்களே முதலில் நாற்காலியைத்தான் தேடுகிறார்கள்.

பாக்கியை மூன்று மாதம் நிறுத்தி வைக்கும் விஷயத்தை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதை ஏற்காதவர்களும் வந்து பேச வேண்டும்; மில் பாக்கி, வட்டி என்று அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கும், கேட்டுக் கொள்வோம். மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு சங்கம் பஸ் ஏற்பாடு செய்யும்போது, ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் ஆகாதவர்களை வற்புறுத்தி ஏற்றாமல் இருக்கவும் கேட்டிருக்கிறோம். மணிக்கணக்கில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. மண்டபத்தில் பொதுக்குழுவுக்கு ஜமுக்காளம் விரிக்கும் வழக்கத்தை மாற்றி நாற்காலி போடவும், கழிப்பறையில் ஒன்றையாவது மேல்நாட்டு முறைக்கு மாற்றிப் பக்கத்தில் ஒரு கைப்பிடி வைக்கவும் பொருளாளரிடம் சொல்லியிருக்கிறோம். நாற்காலிக்கு நம் கடை சார்பில் இருபது தருகிறோம்.